சித்திரைத் திருவிழாவுக்கு தொம்பை, மேற்கட்டி, தோரணம் தைக்கக் குடுத்தோம்: குன்னத்தூர் சத்திரம் தையல் கடை ரிவ்யூ

மதுரையில எங்க தெரு மண்டகப்படிக்கு (சாமி வந்து தங்கிப் போற பந்தல்) இந்தத் தடவ தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ எதுவும் வேணாம், ஃபுல்லா துணி அலங்காரம்தான்னு முடிவு பண்ணி, குன்னத்தூர் சத்திரத்துல இருக்குற ஒரு தையல் கடையில தொம்பை (உருண்டையா நீளமாத் தொங்குற துணி அலங்காரம்) ஒரு ஜோடி, மேற்கட்டி (பந்தலுக்கு மேல கட்டுற துணி விதானம்) ஒண்ணு, வாசல் தோரணம் ஒண்ணு தைக்கக் குடுத்தோம். திருவிழா முடிஞ்சதுலருந்து அக்கம்பக்கத்துல எல்லாரும் கேக்குறாங்க, எங்க குடுத்தீங்க, எவ்ளோ ஆச்சு, அடுத்த வருஷத்துக்குத் தாங்குமான்னு, அதனால மொத்தமா எழுதிர்றேன். குடுத்த காசுக்கு மேலயே வேலை இருக்கு. ரெண்டு விஷயத்துல குறை இருக்கு, அதையும் சொல்றேன்.

வெளியூர்க்காரங்களுக்காக: இந்தத் தையல்காரங்க முன்னாடி மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதுத்தாப்ல புது மண்டபத்துல இருந்தவங்க. 1623ல இருந்து 1659 வரைக்கும் ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகவே கட்டுன மண்டபம் அது, பெரிய பெரிய தூணு, தூணு பூரா சிலை, அந்தத் தூணுங்களுக்கு நடுவுல வரிசையா தையல் மெஷினு. 2018 பிப்ரவரியில வீர வசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் கோயிலுக்குள்ள இருந்த கடைய எல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க, புது மண்டபத்துக் கடைங்களும் பின்னாடி கோயிலுக்குக் கிட்டயே இருக்குற குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிருச்சு. பழைய எடத்துல தேடி அலையாதீங்க.

இவங்ககிட்ட ஏன் குடுக்கணும்னா, சித்திரைத் திருவிழான்னா என்ன வேணும்னு இவங்களுக்கு நம்ம சொல்ல வேண்டியதே இல்ல. கள்ளழகருக்கு வேண்டிக்கிட்டு வேஷம் கட்டுறவங்களோட சல்லடம் (அரைக்கால்சட்டை), கச்சை (இடுப்புத் துணி), உருமா (தலைப்பாகை) எல்லாம் பரம்பரையா தச்சுட்டு வர்றவங்க, அதுல நெறைய பேரு இஸ்லாமியங்க. நாங்க வேலை குடுத்த தையல்காரர் பாய், மேற்கட்டியில சங்கு சக்கரம் நாமம் வேணும்னு நாங்க சொன்ன உடனே, "அழகருக்குத்தானம்மா, அப்ப தென்கலை நாமம், பாதம் வச்சு வெட்டணும்"னு அவரே சொல்லிட்டு சாக்பீஸ எடுத்தாரு. நாமத்துக்குக் கீழ வர்ற அந்தப் பாதத்த மட்டும் தனித் துண்டா வெட்டி, ரெண்டு வெள்ளைக் கோடும் வந்து சேர்ற எடத்துல அடியில சொருகித் தச்சிருக்காரு. ஒரே துண்டா வெட்டுனா அந்த மூலை சுருங்கிக்கும், நாமம் கோணலாத் தெரியும்னாரு. இதெல்லாம் நம்ம யோசிச்சுக் கேக்குற விஷயமே இல்ல.

வேலை எப்படி நடக்குதுன்னு ஒரு நாள் பக்கத்துல உக்காந்தே பாத்தேன். தாமரைக்கு ஒரு பழைய அட்டை வச்சிருக்காரு, ஓரமெல்லாம் தேஞ்சு கருத்துப் போயிருக்கு. சிவப்புத் துணிய நாலா மடிச்சு அதுமேல அட்டைய வச்சு கோடு போட்டு ஒரே வெட்டுல நாலு தாமரை. அப்புறம் இதழுக்கும் இதழுக்கும் நடுவுல உள்வாங்குற வளைவுல கத்திரி நுனியால குட்டி குட்டியா கீறல் போடுறாரு, கோட்டத் தாண்டாம. அந்தக் கீறல் இல்லேன்னா ஓரத்த உள்ள மடிக்கும்போது துணி இழுக்கும், வளைவு வளைவா வராது, முக்கு முக்கா வரும். மடிச்ச ஓரத்த வெரல் நகத்தால அழுத்திட்டு, கையில நூல் ஓட்டிப் பிடிச்சுட்டு அப்புறம்தான் மெஷினுக்குக் கொண்டு போறாரு. யாளிக் (கோயில் தூண்ல இருக்குற சிங்கம் மாதிரி மிருகம்) கண்ணுக்கு மட்டும் மெஷினே கிடையாது, வெள்ள வட்டம், அதுமேல கறுப்பு வட்டம், ஓரத்துல செவப்பு, முழுசும் கைத்தையல். எங்க தொம்பையில நாலு யாளி, நாலும் ஒரே மாதிரி முழிக்குது, அத ராத்திரி சீரியல் லைட் வெளிச்சத்துல பாக்கணும், அவ்ளோ அழகு.

இப்ப துணி. இதுதான் முக்கியம், ஏன்னா மண்டகப்படி அலங்காரம் வீட்டு ஹால்ல மாட்டுற மாதிரி இல்ல. பகல் பூரா சித்திரை வெயிலு, சாயங்காலம் திடீர்னு கோடை மழை, எதிர்சேவைக்கு, அதாவது அழகர மதுரைக்காரங்க எதிர்கொண்டு வரவேற்குறப்போ, அழகர் வரும்போது தோல் பையில தண்ணிய வச்சுட்டு பீய்ச்சிட்டே வர்றவங்க வேற, ஆக துணி நனையத்தான் செய்யும். போன தடவ ஆன்லைன்ல வாங்குன ரெடிமேட் பாலியஸ்டர் தோரணம் ஒண்ணு கட்டியிருந்தாங்க, படம் பிரிண்ட் போட்டது, பாக்க பளபளன்னு இருந்துச்சு, ஒரு மழைக்கே ஓரமெல்லாம் நூல் நூலாப் பிரிஞ்சு, செவப்பு எறங்கி கீழ இருந்த மஞ்ச பார்டர் பூரா ரோஸ் ஆயிருச்சு, திருவிழா முடியிறதுக்குள்ள கழட்ட வேண்டியதாப் போச்சு. அதனால இந்தத் தடவ மொதக் கேள்வியே சாயம் போகுமாங்கிறதுதான். பாய் பதில் சொல்லல, துண்டுத் துணிய ஈரம் பண்ணி வெள்ளைக் காடாத் துணியில போட்டு நம்மளயே தேய்க்கச் சொல்லிட்டாரு. செவப்புல ரெண்டு ரகம் காட்டுனாரு, ஒண்ணு ஒட்டுச்சு, ஒண்ணு ஒட்டல. ஒட்டாதது மீட்டருக்குக் கொஞ்சம் கூட, தயவுசெஞ்சு அதையே வாங்குங்க, அலங்காரத்துணியில செவப்புதான் மொதல்ல காட்டிக் குடுக்கும்.

மேற்கட்டிக்கு அடித்துணி பச்சைன்னு எங்க தெருப் பெரியவங்க சொல்லிட்டாங்க. அழகர் பச்சைப் பட்டு கட்டி வைகை ஆத்துல எறங்குனா அந்த வருஷம் வெளச்சல் நல்லா இருக்கும்னு நம்பிக்கை, அந்தப் பச்சையே நம்ம பந்தல்லயும் இருக்கட்டும்னு. பச்சை மேல மஞ்ச தாமரை, நாலு மூலையிலயும் கிளி, நடுவுல நாமம். உள்பக்கம் காடா லைனிங் போட்டு நாலு ஓரத்துலயும் நாடா வச்சுத் தச்சிருக்காரு, லைனிங் இல்லாம வெறும் துணிய மேல கட்டுனா நடுவுல தொப்பை போட்டுத் தொங்கும், மழைத் தண்ணி அங்கயே தேங்கும். எங்களோடது மழை பெஞ்ச அன்னைக்கும் டம்முனு நின்னுச்சு.

தொம்பை நீளமா வேணும்னு எனக்கு ஆசை. "பாய், இன்னும் ஒரு அடி வைக்கலாமா"ன்னு கேட்டேன், "வேணாம்மா, காத்துக்கு சுத்திக்கும், அப்புறம் அவுத்து விடுறதே ஒரு வேலையாப் போயிரும், தேருல தொங்குறதுக்கு வேற கணக்கு, தெருவுல தொங்குறதுக்கு வேற கணக்கு"ன்னு சொல்லி அளவக் கொறச்சாரு. துணி கூட வித்தா அவருக்குத்தான் லாபம், இருந்தும் கொறச்சாரு, அதனாலயே எனக்கு மரியாதை கூடிருச்சு. கீழ தொங்குற நாக்கு நாக்கான துணிக்கு ஒவ்வொண்ணுக்கும் நுனியில குஞ்சம், அந்தக் குஞ்சத்தோட வெயிட்டுலதான் தொம்பை நேரா நிக்குது.

குறைன்னா இதுதான். தொம்பைக்குள்ள உருண்டையா நிக்கிறதுக்கு மேலயும் நடுவுலயும் கீழயும் வளையம் போடணும்ல, அதுல நடு வளையம் மட்டும் இரும்புக் கம்பி. நனைஞ்ச பின்னாடி துரு எறங்கி உள் லைனிங்ல கோடு விழுந்துருச்சு, வெளிய தெரியல, ஆனா அடுத்த மழைக்குத் தெரியும். எடுத்துட்டுப் போய்க் காட்டுனோம், அவரும் மறுக்கல, மூங்கில் வளையமா மாத்திக் குடுத்தாரு, காசு வாங்கல, இருந்தாலும் மொதல்லயே மூணும் மூங்கிலா போட்டிருக்கணும். நீங்க குடுக்கும்போதே வளையம் எதுலன்னு கேட்டுருங்க. இன்னொண்ணு, சொன்ன தேதிக்கு வரல. கொடியேத்தம் நெருங்க நெருங்க சல்லடம் தைக்க வர்ற கூட்டம் கடைய மொய்க்குது, வேண்டுதல் வேஷத்துக்கு முன்னாடி நம்ம அலங்காரம் பின்னாடி போயிருது, அது நியாயம்தான், ஆனா முன்கூட்டியே சொல்லியிருந்தா நாங்க தவிச்சிருக்க மாட்டோம், பந்தக்காரர் கம்பு நட்டுட்டு மேற்கட்டிக்காகக் காத்துட்டு இருந்தாரு.

வாசல் தோரணம் மட்டும் பாதி கடை வேலை, பாதி நம்ம வேலை. வெட்டுன துண்டுத் துணி எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டு வந்துட்டோம், பாய் ஒரு மாவிலை அட்டையும் வெட்டிக் குடுத்தாரு, எங்க தெருப் பொம்பளைங்க சாயங்காலம் சாயங்காலம் திண்ணையில உக்காந்து தச்சோம். வீட்டுல செய்யணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது நல்ல ஆரம்பம். பச்சைத் துணி ரெண்டு துண்டு, நல்ல பக்கம் ரெண்டும் உள்ள பாக்குற மாதிரி வச்சு, இலை வடிவத்துல சுத்தித் தச்சு, காம்புப் பக்கம் மட்டும் திறந்து விட்டு, நுனியில இருக்குற உபரித் துணிய ஒட்ட வெட்டிட்டு, திருப்பி விட்டு, பென்சில் பின்பக்கத்தால நுனிய மெதுவாத் தள்ளணும், கூரான எதையும் வச்சுத் தள்ளுனா நுனி கிழிஞ்சுரும். அப்புறம் அயர்ன் பண்ணிட்டு நடு நரம்புக்கு மஞ்ச நூல்ல ஒரு ஓட்டுத்தையல். காம்பெல்லாம் ஒரு நாடாவுக்குள்ள வச்சு மடிச்சு நீளத்துக்கு ஒரே தையல். நடுநடுவுல சுங்குடிச் சேலையோட பழைய துண்டுல பூ செஞ்சு வச்சோம், அந்தப் புள்ளி புள்ளி டிசைன் பச்சைக்கு நடுவுல எடுப்பா இருக்கு. நூல் மட்டும் நல்லதா வாங்குங்க, மட்டமான நூலு வெயில்ல காஞ்சு இத்துப் போயிரும், துணி நல்லா இருந்தும் தையல் விட்டுரும்.

காசு: தொம்பை ஜோடி 2,800 ரூபா, மேற்கட்டி துணியோட சேத்து 4,500 ரூபா, தோரணத்துக்கு வெட்டுக்கூலி, நாடா சேத்து 300 ரூபா. தெருவுல எல்லாரும் போட்ட காசு. நாங்க வாங்குன அளவுக்கு, எங்க டிசைனுக்கு இது, நாமம், யாளி மாதிரி கைவேலை கூடக் கூட ரேட்டும் கூடும். துணிய நீங்களே விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கம் பாத்து வாங்கிக் குடுத்தாலும் தச்சுத் தர்றாங்க, கொஞ்சம் கொறையும், ஆனா சாயம் டெஸ்ட் பண்ணாம வாங்கிட்டு வந்துராதீங்க. பேரம் பேசலாம், ரொம்பப் பேசாதீங்க, ஒரு யாளிக் கண்ணுக்கு எவ்ளோ நேரம் குனிஞ்சு உக்காருறாருன்னு பாத்தா உங்களுக்கே பேச மனசு வராது.

வச்சுக்கிறது எப்படின்னா, நல்லா நெழல்ல காய வச்சு, மடிக்காம சுருட்டி, பழைய வேட்டியில கட்டி வைக்கச் சொன்னாரு. மடிச்சா அந்த மடிப்புக் கோட்டுலதான் மொதல்ல துணி வெளுக்குமாம். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, உள்ள ஈரம் நின்னு பூஞ்சை புடிச்சுரும்.

அடுத்த வருஷத்துக்குக் குடுக்குறவங்க தேதிய நல்லாப் பாத்துக்கோங்க. தமிழ் வருஷப் பொறப்பு மாதிரி இது ஏப்ரல் 14ன்னு நிக்காது, அழகர் எறங்குறது சித்ரா பௌர்ணமிக் கணக்கு, 2024ல ஏப்ரல் 23, 2025ல மே 12. போன வருஷத் தேதிய நெனச்சுட்டு இருந்தா மூணு வாரம் முன்ன பின்ன ஆயிரும். மாசி கடைசியிலயே அட்வான்ஸ் குடுத்து டிசைனச் சொல்லிட்டா பங்குனிக்குள்ள கையில வாங்கிரலாம், அப்ப கடையில கூட்டமும் கம்மி, பாயும் நிதானமா உக்காந்து அட்டைய எல்லாம் எடுத்துக் காட்டுவாரு. நாங்க அடுத்த வருஷத்துக்கு அன்னப்பறவை டிசைனுக்கு இப்பவே சொல்லி வச்சுட்டோம், வெள்ளைத் துணி மட்டும் நாங்க வாங்கிக் குடுக்குறதா பேச்சு.