ஒன்று கேட்டால் ஒன்றுதான் வர வேண்டும்: கேசட் ஹாப்பரோடு சில வருடங்கள்

போன வாரம்தான் சர்வீஸ் இன்ஜினியர் வந்து எங்கள் லேபில் திசுப் பெட்டிகளில் எண் அச்சடிக்கும் கேசட் பிரிண்டரில் உள்ள தள்ளுத் தகட்டை மாற்றிவிட்டுப் போனார். அதே நேரம் பார்த்து, கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, எங்க லேபுல இந்த மெஷின் வாங்கலாம்னு பேசுறாங்க. நீங்க ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே, வாங்கலாமா, வேண்டாமா?" ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுதியது இவ்வளவு நீளமாகிவிட்டது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

திசுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தயார் செய்யும் ஹிஸ்டோ லேபில் இருப்பவர்களுக்குக் கேசட் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனில் எடுத்த திசு ஃபார்மலின் டப்பாவில் எங்களிடம் வரும். பேத்தாலஜிஸ்ட் மேடம் அதைப் பார்த்து, அளந்து, வேண்டிய இடங்களில் மெல்லிய துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் துளைகள் உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுவார். அந்த வேலை கிராசிங் (grossing), அந்தப் பெட்டி கேசட். 4 செ.மீ. நீளம், 3 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான அகலம். அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கில் செய்வதால் ஆல்கஹால், சைலீன், 60 டிகிரியில் உருகிய பாரஃபின் என்று ராத்திரி முழுக்க எதில் ஊறினாலும் கரையாது. காலையில் மூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, அடிப்பாகத்தோடு சேர்த்து மெழுகு பிளாக் போட்டு, மைக்ரோடோமில் மாட்டி 3, 4 மைக்ரான் கனத்தில் சீவி ஸ்லைடில் ஏற்றுவோம். கேசட்டின் முன்பக்கம் 45 டிகிரியில் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் உள்ள எண்ணை விட்டால், அந்தத் துண்டு யாருடையது என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது. சதைத் துண்டில் பெயர் எழுதியா இருக்கிறது?

பிரிண்ட் தரத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ரிப்பனைச் சூடாக்கி அச்சடிக்கிற வகை, எழுத்து சைலீனில் போய்த் திரும்பி வந்தாலும் அப்படியே நிற்கிறது, பார்கோடு படிக்கிறது. சாஃப்ட்வேர் பரவாயில்லை. நான் பேச வந்தது மேலே நிற்கும் ஹாப்பரைப் பற்றி. கேசட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, கேட்டபோது ஒன்றை மட்டும் வெளியே தள்ளுகிற அந்தக் குழாய்தான் மெஷினின் உயிர், என் பிபியும் அதில்தான் இருக்கிறது.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. செங்குத்தான ஒரு கூடு. அதில் கேசட் அடுக்கு தன் எடையிலேயே கீழே வந்து உட்காரும். அடியில் ஒரு தகடு பின்னாலிருந்து வந்து கடைசிக் கேசட்டை முன்னால் தள்ளும். முன்பக்கம் ஒரு வாசல், அதன் உயரம் ஒரு கேசட்டின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம், இரண்டின் கனத்தைவிடக் குறைவு. எனவே அடியில் இருப்பது மட்டும் வெளியே போகும், அதற்கு மேலிருப்பது சுவரில் முட்டி நிற்கும். தகடு பின்வாங்கியதும் அடுக்கு ஒரு படி இறங்கும். முதலில் 'டக்', பிறகு ஒரு சின்ன இழுவைச் சத்தம், அச்சு, கடைசியில் தட்டில் விழும் ஓசை. இந்த நான்கும் வரிசையாகக் கேட்டால் நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை.

இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்டும்போது மறந்துவிடுவேன்.

பெருங்குடல் புற்றுநோய் ஸ்பெசிமன் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியிலிருந்து சில துண்டுகள், இரண்டு ஓரங்களிலிருந்தும் துண்டுகள், அப்புறம் கொழுப்பைத் தடவித் தடவி நிணநீர்க் கணுக்களைத் தேட வேண்டும். குறைந்தது 12 கணுக்களாவது பார்த்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மேடம் கையில் எத்தனை அகப்படும், எத்தனை கேசட் ஆகும் என்று வெட்டி முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. பென்சில் காலத்தில் என்ன செய்வோம்? ஏ1, ஏ2 என்று ஒரு குத்துமதிப்பாக இருபது கேசட்டில் முன்கூட்டியே எழுதி வரிசையாக வைத்துவிடுவோம். பென்சில்தான், ஏனென்றால் கிராஃபைட் எந்தக் கரைப்பானிலும் போகாது, சாதாரணப் பேனா மை ஆல்கஹாலிலேயே ஓடிவிடும். இருபது எழுதினால் பதினாறு செலவாகும். எண் போட்ட நான்கு காலிக் கேசட்டுகள் மேசையில் மிஞ்சும். ஆபத்து அந்த நான்கில்தான். அடுத்த கேஸ் ஆரம்பிக்கும்போது, கையுறையோடு, ஃபார்மலின் எரிச்சலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கேசட்டை எடுப்பது மனித இயல்பு. வேறொருவரின் எண்ணுக்குள் இன்னொருவரின் திசு போவதற்கு இவ்வளவு போதும்.

இந்த மெஷின் வந்த பிறகு மிச்சக் கேசட் என்பதே மேசையில் கிடையாது. மேடம் "அடுத்தது" என்பார், நான் பொத்தானை அழுத்துவேன், ஏ17 வரும். அது நிரம்பி மூடிய பிறகுதான் ஏ18. இல்லாத துண்டுக்கு எண் பிறப்பதில்லை. இதன் அருமை பத்து பயாப்சி பார்க்கும் நாளில் தெரியாது, இரண்டு மார்பகமும் ஒரு குடலும் சேர்ந்து வரும் நாளில் தெரியும். சில பெரிய லேபுகளில் இதே மெஷினை வைத்துக்கொண்டு காலையிலேயே அன்றைய கேஸ் எல்லாவற்றுக்கும் மொத்தமாக அடித்து வைத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது பென்சிலை விற்றுவிட்டு மெஷின் பென்சில் வாங்கியதற்குச் சமம். ஒவ்வொன்றாகத் தரும் வேலைக்குத்தானே இவ்வளவு காசு?

சரி, இப்போது திட்டு.

ஹாப்பர் நிறைந்திருக்கும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. பாதியாகும்போதும் இல்லை. கடைசி நான்கைந்து கேசட்டுக்கு வரும்போதுதான் அதற்குப் பேய் பிடிக்கும். காரணம் புரியாமல் ரொம்ப நாள் குழம்பினோம், பிறகு திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபோது தெரிந்தது. அடியிலிருக்கும் கேசட்டை நேராக உட்கார வைப்பது மேலிருக்கும் அடுக்கின் எடை. எங்களுடையது மூடி கீலில் ஒட்டியே வரும் வகை. மூடி முழுதாக அழுத்திப் பூட்டப்படாமல் சும்மா மடிந்திருக்கும், அதற்குக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும் குணம் உண்டு. மேலே நாற்பது கேசட் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். எடை குறைந்ததும் மூடி எழும்பும், கேசட் ஒரு பக்கம் சாயும், தகடு அடிப்பாகத்தைத் தள்ளாமல் விளிம்பில் வழுக்கும். இல்லையென்றால் கீழிருப்பதன் கீலில் மேலிருப்பது கொக்கி போட்டு, டவுன் பஸ் படியில் ஒரே நேரத்தில் ஏறப் பார்க்கும் இரண்டு பேர் மாதிரி இரண்டும் வாசலில் நெரிந்து நிற்கும். சிவப்பு விளக்கு. பீப் பீப்.

சிக்கியதை எடுப்பது அடுத்த கூத்து. ஹாப்பரைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் அடியில் உள்ள சின்ன ஷட்டரை இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மேலிருக்கும் அடுக்கு அத்தனையும் தரையில். ஆனால் வாசலில் கேசட் சிக்கியிருக்கும்போது ஷட்டர் முழுதாக மூடாது! இதை வடிவமைத்தவர் ஒருநாள்கூடக் கையுறை போட்டுக்கொண்டு கிராசிங் மேசையில் நின்றிருக்க மாட்டார். எங்கள் சீனியர் அக்கா ஒரு கையால் ஹாப்பரைச் சாய்த்து, மறு கையின் விரலை அடியில் கொடுத்து, பூனை மாதிரி மெதுவாக எடுப்பார். அவர் லீவு போட்ட நாளில் மெஷின் சிக்கினால் நாங்கள் தரையில் பொறுக்குகிறோம்.

இதுவெல்லாம் நேர விரயம், அவ்வளவுதான். உண்மையான பயம் வேறு. கேசட் சிக்கும்போது சாஃப்ட்வேர் அந்த எண்ணை 'அச்சடித்தாயிற்று' என்று வைத்துக்கொள்ளும். அச்சு விழுந்துவிட்டதா, விழுவதற்கு முன் நின்றதா என்று திரையில் தெரியாது. தட்டில் ஏ4 இல்லை, எனவே மறுபடி ஏ4 அடி என்று கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் புது ஏ4 வரும். கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ அடிக்கும்போது உள்ளே கிடந்த பழைய ஏ4 அமைதியாக வெளியே வரும். ஒரே எண்ணில் இரண்டு கேசட். மிஞ்சிய கேசட்டை ஒழிக்க வந்த மெஷினே மிஞ்சிய கேசட்டைப் பெறுகிறது. அதனால் எங்கள் லேபில் மேடம் ஒரு விதி போட்டுவிட்டார்: சிக்கினால், உள்ளே இருப்பதைக் கையில் எடுத்துக் கண்ணால் பார்க்கும்வரை மறு அச்சு கிடையாது. எடுத்ததை மூடியை முறித்துக் குப்பையில் போட்ட பிறகுதான் பொத்தான். மெஷினே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். கேட்பதில்லை.

கடைசி நான்கைந்து பிரச்சினைக்குக் கம்பெனியின் பதில், "ஹாப்பரைக் காலியாக விடாதீர்கள், பாதிக்குக் கீழ் போனால் நிரப்பிவிடுங்கள்" என்பது. நல்ல யோசனைதான், வண்டியில் பெட்ரோல் பாதிக்குக் கீழ் போகவே கூடாது என்று சொல்வதை யோசனை என்று எடுத்துக்கொண்டால். கேசட்டின் நிறம் மாற்றும்போது என்ன செய்வது? எங்களிடம் சின்ன பயாப்சிக்கு ஒரு நிறம், பெரிய ஸ்பெசிமனுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. அவசர நிறம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் ஓடும், அதன் ஹாப்பர் எப்போதும் காலியை ஒட்டித்தான் இருக்கும். அதாவது அவசரக் கேஸ் வரும்போதுதான் மெஷின் சிக்கும்.

தீர்வு கண்டுபிடித்தது அக்காதான். எம்பெடிங்கில், அதாவது திசுவை மெழுகு பிளாக்கில் பதிக்கும்போது, மெழுகு ஊற்றும் ஸ்டீல் அச்சு இருக்கிறதல்லவா, அந்த மோல்டு ஹாப்பருக்குள் கச்சிதமாக இறங்குகிற அளவு. பழையதாகி வளைந்த இரண்டை ஒன்றாக டேப் சுற்றி, அடுக்கின் தலையில் வைத்துவிட்டார். எடை கிடைத்தது, மூடி அடங்கியது, கடைசிக் கேசட்டும் ஒழுங்காக வந்தது. கேசட் தீர்ந்து அந்த ஸ்டீலே அடிக்குப் போய்த் தகட்டில் மாட்டிக்கொண்டால்? அதற்காக ஒரு நூல் கட்டி, ஹாப்பர் வாயில் முடிச்சுப் போட்டு, கடைசிக் கேசட்டுக்கு மேலேயே தொங்கி நிற்கும்படி நீளம் வைத்தார். இன்ஜினியர் அந்த நூலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடுத்த மாடலில் 'எடை அமைப்பு' என்று ஒன்று வந்தால் அது யாருடைய யோசனை என்று எங்களுக்குத் தெரியும்.

கம்பெனிப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. சிக்கல்களில் பாதி, நாங்கள் மலிவாக வாங்கிப் போட்ட வேறு கேசட்டால் வந்தது. அவர்களுடைய கேசட் டேப் ஒட்டிய அடுக்காகவே வரும், அப்படியே ஹாப்பரில் இறக்கி டேப்பை உருவிவிடலாம். மலிவுக் கேசட் பையில் கொட்டி வரும், ஒவ்வொன்றாக ஒரே திசையில் அடுக்க வேண்டும். சிலவற்றின் ஓரத்தில் வார்ப்பில் பிதுங்கிய பிசிறு நிற்கும், நகத்தால் தடவினால் தெரியும். வாசலின் இடைவெளி மயிரிழைக் கணக்கு, அங்கே பிசிறு என்பது மலை. தகடு சீக்கிரம் தேய்ந்ததற்கும் இதுதான் காரணம் என்கிறார் இன்ஜினியர். இருக்கலாம். ஆனால் அவர்களுடைய கேசட்டின் விலையைப் பார்த்த பிறகு மலிவைத் தேடாமல் இருக்க எங்கள் முதலாளி என்ன சித்தரா? மெஷினைக் கொடுத்துவிட்டு, ஆயுசுக்கும் கேசட்டை எங்களிடமே வாங்கு என்பதுதான் வியாபாரம் என்றால் அதை விற்கும் அன்றே சொல்லிவிடலாம்.

தகடு மாற்றியதில் மெஷின் புதிது போல ஓடுகிறது. உதிரிப் பாகம் வந்து சேரும்வரை நாங்கள் மறுபடி பென்சிலுக்குப் போயிருந்தோம். அந்த நாட்களில் மேசையில் மிச்சம் கிடந்த எண் போட்ட காலிக் கேசட்டுகளைப் பார்த்து மேடமே, "சீக்கிரம் அந்த மெஷினைச் சரி பண்ணச் சொல்லுங்க, எனக்கு வயித்தைக் கலக்குது" என்றார். இதைவிடப் பெரிய சான்றிதழ் அந்த மெஷினுக்கு வேண்டியதில்லை.

ஆனாலும் தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: வாங்காதே. இப்போதைக்கு. உங்கள் லேபில் பயாப்சிதான் அதிகம் என்றாய், ஒரு கேஸுக்கு ஒன்றிரண்டு கேசட். உங்களுக்கு மிச்சம் என்ற பிரச்சினையே இல்லை. பென்சிலும், ஒரு கேஸ் முடியாமல் அடுத்ததற்கு எழுதாதே என்ற கண்டிப்பும் போதும். போன மாதம் கேட்டிருந்தால் ஒருவேளை வாங்கு என்றிருப்பேன். இந்த மாதம் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு) பில்லைப் பார்த்துவிட்டேன்.

அப்படியும் முதலாளி வாங்கியே தீருவேன் என்றால், டெமோவுக்கு வருபவரிடம் மூன்றைக் கேள். நீங்கள் வழக்கமாக வாங்கும் கேசட்டைக் கொடுத்து, ஹாப்பரில் ஐந்தே ஐந்து மட்டும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல். அவர்கள் எப்போதும் நிறைத்துத்தான் காட்டுவார்கள். பிறகு நடுவில் வேண்டுமென்றே ஒன்றைச் சிக்க வைத்து, கையுறையோடு எடுத்துக் காட்டச் சொல். கடைசியாக, தள்ளுத் தகடு உள்ளூரில் ஸ்டாக் இருக்கிறதா, வருடப் பராமரிப்பில் அது சேர்ந்ததா, தனிக் காசா என்று எழுத்தில் வாங்கிக்கொள். வளைந்த மோல்டு இரண்டு வேண்டுமென்றால் சொல், அக்காவிடம் கேட்டு அனுப்புகிறேன்.