எக்மோ கேனுலாவுக்கு ஒட்டுப் பிடிப்பான்: ஊட்டியிலிருந்து இறக்கும்போது எது தாங்குகிறது?

எக்மோ என்பது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி. அதற்காக ரத்தக்குழாயில், பெரும்பாலும் தொடை இடுக்கில், செருகும் தடித்த குழாய்தான் கேனுலா. அதை நழுவாமல் பிடிக்க, தையல் போட்டாச்சு, மேலே டைனாபிளாஸ்ட் (இழுபடும் ஒட்டுக்கட்டு) சுற்றியாச்சு, போதும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஐசியூ படுக்கையில் அது ஓரளவு ஓடும். குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடாது. 3/8 அங்குலக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் நிற்கும். குழாயும் ரத்தமும் சேர்ந்த எடை ஒவ்வொரு திருப்பத்திலும் தையலை இழுக்க, நூல் அறாவிட்டாலும் தோல் அறுபடும். நீண்ட நாள் பயன்பாட்டில் எங்களுக்கு நம்பிக்கை தந்தது, தையலோடு வெல்க்ரோ பட்டை வைத்த ஒட்டுப் பிடிப்பான்கள்தான். தொடையில் ஒன்று, முழங்காலுக்குச் சற்று மேலே இன்னொன்று. இரண்டாவதைத் தாண்டித்தான் குழாயைத் தளர்வாக விட வேண்டும். அப்போது ஸ்ட்ரெச்சர் குலுங்கினாலும் இழுப்பு தொடை இடுக்கு வரை போகாது.

பிடிப்பான் கழன்றால் பெரும்பாலும் குறை தோலைத் தயார் செய்ததில்தான். முடியை கிளிப்பரால் வெட்டுங்கள், ரேஸர் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் ஸ்பிரிட் நன்றாகக் காய வேண்டும். தொடை இடுக்கின் மடிப்பில் அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஊட்டிக் குளிரில் பசை உடனே பிடிக்காது, ஒட்டியபின் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்திச் சூடேற்றுங்கள். மேட்டுப்பாளையம் நெருங்கியதும் வியர்வையில் ஓரம் தூக்கும். அங்கே ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

டைனாபிளாஸ்ட்டில் எங்களுக்குள்ள பெரிய வருத்தம், துளையிட்ட இடத்தையே மறைத்துவிடுவது. ரத்தத்தை வெளியே இழுக்கும் டிரெயினேஜ் கேனுலா நழுவிப் பக்கத்துளை வெளியே வந்தால் காற்றை உறிஞ்சும், பம்ப் ஓட்டம் நின்றுபோகும். ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் கேனுலா நழுவினால் நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் ரத்தம் வெளியேறும். ஆகவே அங்கே கண்ணாடி போன்ற டிரெஸ்ஸிங் மட்டும். தோலிலிருந்து கனெக்டர் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, டிரெஸ்ஸிங் மேலேயே எழுதிவிடுங்கள். ஷிப்ட் மாறும்போதும், நோயாளியை ஒவ்வொரு முறை தூக்கி வைத்தபின்னும் அதே அளவு இருக்கிறதா என்று பாருங்கள். குழாயை இறுக்கி மூடும் கிளாம்ப் நான்கு, ஸ்ட்ரெச்சரிலேயே, கைக்கு எட்டும் இடத்தில்.

காலுக்கு ரத்தம் அனுப்பும் 6–8 பிரெஞ்சு (குழாய்த் தடிமன் அளவு) சிறு கேனுலாவைப் பெரியதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். முதலில் மடங்குவது அதுதான், பாதம் சில்லிடும். அதற்குத் தனிப் பிடிப்பான் வேண்டும்.

கழுத்து கேனுலாவுக்கு நெற்றிப்பட்டை நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் காதின் பின்புறம் அழுத்தப்புண் வரும், அடியில் ஹைட்ரோகொலாய்டு (தோலைக் காக்கும் மெத்தென்ற ஒட்டு டிரெஸ்ஸிங்) துண்டு ஒன்று வையுங்கள்.

எடுக்கும்போது பசை நீக்கித் திரவம் தொட்டு, தோலோடு படுத்த வாக்கில் மெதுவாக உரியுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஓடும் உடம்பில் ஒரு சின்னச் சிராய்ப்பும் கசிந்துகொண்டே இருக்கும்.