வெள்ளவத்தை மொட்டைமாடியில் ஓர் எட்டு பிற் ரிசீவர்

செய்மதிப் படங்களையும் பால்வீதியின் ஐதரசன் அலைகளையும் ஒரே பெட்டியால் பிடிக்க முடியுமா? முடியும். ஆனால் பெட்டிக்கு முன்னால் எதைப் பூட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் சில ஆண்டுகளாக ஓட்டிவருவது ஆர்.ரி.எல்.2832யு சிப்பும் ஆர்820ரி2 ரியூனரும் (வேண்டிய அலைவரிசையைத் தெரிவுசெய்யும் பகுதி) கொண்ட சிறிய யு.எஸ்.பி. ரிசீவர். தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட சிப் இது. அலையை எட்டு பிற் எண்களாக்கிக், அதாவது 256 படிகளில் அளந்து, கணினிக்குத் தருவதோடு அதன் வேலை முடிகிறது. டீமொடுலேஷன், அதாவது அலையிலிருந்து தகவலைப் பிரித்தெடுப்பது, முழுவதும் மென்பொருளில்தான்.

கொழும்பில் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை எஃப்.எம். நிலையங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றின் பலத்த அலைகள் உள்ளே நுழைந்தால், 137.9 மெகாஹேர்ட்ஸில் வரும் ரஷ்ய வானிலைச் செய்மதியான மீற்றியோருக்கு அந்த எட்டு பிற்றில் இடமே மிஞ்சாது. எஃப்.எம். அலைகளைத் தடுக்கும் வடிகட்டியைப் பூட்டியதும், திரையில் பஞ்சாய்ப் பரந்து கிடந்த புள்ளிகள் நான்கு கூட்டங்களாகப் பிரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் செய்மதி அனுப்பும் ஒரு குறியீடு; செக்கனுக்கு 72,000 வருகின்றன. அந்த நான்கு கூட்டங்களும் பிரிந்து நின்றால்தான் படம். 2025இல் ஓய்வுபெற்ற அமெரிக்க வானிலைச் செய்மதிகளான நோவா 15, 18, 19 இன் அனலொக் படம் இரைச்சலோடாவது வந்து சேர்ந்தது. டிஜிட்டலில் அந்தத் தாராளம் இல்லை.

என் மனம் ஒட்டியிருப்பது பால்வீதியின் ஐதரசன் அலை வரும் 1420.4 மெகாஹேர்ட்ஸில். இதற்குக் கொழும்பு அருமையான இடம். திருவாதிரையும் திருவோணமும் இங்கே ஏறத்தாழ உச்சியில் கடக்கின்றன. இரண்டுக்கும் பக்கத்திலேயே பால்வீதி. டிஷ்ஷை நேரே மேல்நோக்கி வைத்துவிட்டால், பூமியின் சுழற்சியே நாளுக்கு இருமுறை பால்வீதியைக் கொண்டுவந்து தருகிறது. அலையின் பலத்தை மீடிறன் (அதிர்வெண்) வாரியாகக் காட்டும் வரைகோட்டில் ஐதரசன் ஒரு மேடாக எழும். திருவோணப் பக்கத்தில் அந்த மேடு அகலமானது, பல முகடுகள் கொண்டது. பால்வீதியின் உட்பகுதி வாயு வெவ்வேறு வேகங்களில் விலகிச் செல்வதால் வரும் அகலம் அது. மேடு நாளுக்கு நாள் 4 நிமிடம் முந்தி வந்தால் அது வானத்தினுடையது. தினமும் கடிகார நேரத்துக்கே வந்தால் அக்கம்பக்கத்து மின்சாதனத்தினுடையது.

இங்கே தொல்லை தருவது வெயில். மீடிறனில் பெரிய பிழை வருவதில்லை: ரிசீவரின் மீடிறனைத் தீர்மானிக்கும், வெப்ப ஈடு செய்த அலையியற்றி 1 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) நகர்ந்தாலும் அது வாயுவின் வேகத்தில் செக்கனுக்கு 0.3 கிலோமீற்றருக்குத்தான் சமம். நகர்வது, அலையைப் பலப்படுத்தும் பெருக்கியின் பெருக்கம். பிற்பகல் சூட்டில் அந்த வரைகோடே சரிந்துவிடுகிறது. பெருக்கியை டிஷ்ஷோடும் ரிசீவரை வீட்டுக்குள்ளும் வைத்து, பால்வீதி இல்லாத வானத்தின் பதிவால் ஒவ்வொரு பதிவையும் வகுத்துக்கொள்கிறேன்.

நண்பர் ஒருவரின் 12 பிற் ரிசீவரையும் பூட்டிப் பார்த்தோம். வடிகட்டி இல்லாமலே மீற்றியோரைப் பிடித்தது. ஐதரசனில் வேறுபாடு தெரியவில்லை. நீண்ட நேரச் சராசரியில் எட்டு பிற்றே தாராளம். ஆகவே காசை முதலில் வடிகட்டிக்கும் பெருக்கிக்கும் கொடுங்கள். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்கள் இணைப்பிகளை இறப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்க அதிக நாள் எடுப்பதில்லை.