எட்டு ஆண்டுகளாக ஒரு நெருடல்: என் .22 நெம்புகோல் துப்பாக்கி

சென்ற வாரம் கோயம்புத்தூரைச் சேர்ந்த இளைய நண்பர் ஒருவர், "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே லீவர் ரைஃபிள் இங்க கடையில விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். நான் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறேன். அவரும் இப்போது இங்கேதான், என் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறார்; அண்மையில்தான் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைந்திருக்கிறார். "வாங்கலாம்" என்று ஒரு சொல்லில் பதில் அனுப்ப நினைத்தேன். தட்டச்சு செய்தபின் அதை அழித்துவிட்டு "வேண்டாம்" என்று எழுதினேன். பிறகு அதையும் அழித்தேன். எட்டு ஆண்டுகள் ஒரு கருவியோடு வாழ்ந்தவனுக்கு இவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது என்றால் அதை விரித்து எழுதுவதுதான் முறை என்று தோன்றியது. உற்பத்தியாளரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நான் சொல்லப் போகும் குறை அந்த மாடலின் குறையா, அந்த நாளில் என் கைக்கு வந்த ஒன்றின் குறையா என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு துப்பாக்கி போதாது.

குழலுக்குக் கீழே நீளக் குழாயில் பதினைந்து தோட்டா, வெளியே தெரியும் சுத்தி, கையை நுழைக்கும் வளையமாக நெம்புகோல் என்பதுதான் இதன் அமைப்பு. .22 என்பது அங்குலத்தில் ஏறத்தாழத் தோட்டாவின் குறுக்களவு. நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட் என்ற இரும்புத் துண்டு பின்னே போய், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியே இழுத்து, சுத்தியை நிமிர்த்தும். திருப்பி மூடினால், தூக்கித் தட்டு ஏற்றிவைத்த அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் போல்ட் தள்ளும். விசையை அழுத்தினால் சுத்தி விழுந்து ஊசியை அடிக்கும்; ஊசி தோட்டாவை வெடிக்க வைக்கும். குறி தவறாமை பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. மாதம் ஒருமுறை கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா என்று இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களை நின்றபடி சுட்டு விழுத்தும் போட்டிக்குப் போகிறேன். மெக்சிகோவில் பிறந்து இங்கே வந்த அந்த விளையாட்டில் கோழி விழாதபோதெல்லாம் குற்றம் என் மூச்சில்தான் இருந்தது. குழலைக் குறை சொல்ல எனக்கு வழியே கிடைத்ததில்லை.

என் சிக்கல் முழுவதும் நெம்புகோலில் இருந்தது. புதிதாக வாங்கிய நாள் முதல், அதைக் கீழே தள்ளும்போது பாதி வழியில் மணல் அரைபடுவதுபோல ஒரு தடை வரும். அதைக் கடந்து தள்ளினால் மறுபாதி வழுக்கிக்கொண்டு போகும். சொல்லும்போது சின்ன விஷயம். ஆனால் குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் இயக்குகிற வேளையில், பாதி வழியில் வரும் அந்தத் தடையையே பயணத்தின் முடிவு என்று கை எடுத்துக்கொள்ளும். அங்கேயே திருப்பி மூடிவிட்டால் வெற்றுக்கூடு முழுதாக வெளியே விழாது. அல்லது தூக்கித் தட்டில் அடுத்த தோட்டா ஏறியிருக்காது. சுத்தி மட்டும் ஒழுங்காக நிமிர்ந்து நிற்கும். விசையை அழுத்தினால் 'டக்' என்று வெறும் ஓசைதான் கேட்கும். பக்கத்தில் நிற்கும் எழுபது வயதுக்காரர் ஒருவர், நீ முழுதாகத் தள்ளவில்லை என்று ஒவ்வொரு முறையும் அன்போடு எடுத்துச் சொல்வார். அந்த அன்பைத் தாங்கிக்கொள்வதுதான் கடினமாக இருந்தது.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போனபின், நெம்புகோலின் வீச்சு, அதாவது அது கீழே திரும்பும் தூரம், நீளமாக இருப்பதுதான் காரணம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவுக்கு ஒரு பின்னணியும் உண்டு. பழைய பாணித் துப்பாக்கிகளால் வேகமாகச் சுட்டுப் போட்டியிடும் கவ்பாய் போட்டிக்காரர்கள் வின்செஸ்டர் 1873 வகை நெம்புகோல் துப்பாக்கிகளில் உள்ளே இருக்கும் இணைப்புத் தண்டுகளை மாற்றி, நெம்புகோலைக் கொஞ்சம் அசைத்தாலே போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் பத்துத் தோட்டாவையும் சுட்டு முடிப்பதைப் பார்த்திருந்தேன். என்னுடையதையும் அப்படிக் குறுக்கிவிட்டால் என்ன என்று ஒரு துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்தேன். வீச்சைக் குறுக்கி, உள்ளியக்கத்தையும் மென்மையாக்கித் தருவதாகச் சொன்னார்கள். ஏழு வாரம் காத்திருந்தேன். கூலியாக நான் கொடுத்தது துப்பாக்கியின் விலையில் பாதிக்கு மேல்.

திரும்பி வந்ததைக் கையில் வாங்கிய முதல் பத்து நிமிடம் நான் மகிழ்ச்சியோடு இருந்தேன் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடை மேசையில் நின்று வெறுமனே இயக்கிப் பார்த்தபோது வீச்சு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தள்ளுவதும் எளிதாகத்தான் இருந்தது. அந்த எளிமை எங்கிருந்து வந்தது என்று சுடுகளத்தில் தெரிந்தது. ஐம்பது தோட்டா கொண்ட முதல் பெட்டியில் ஆறு வெடிக்கவில்லை. குழலைக் குறிப்பக்கமே வைத்தபடி அரை நிமிடம் காத்திருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஊசியின் தடம் நகக்கீறல் அளவுக்குத்தான் பதிந்திருந்தது. 1887-இல் வந்த இந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் நடுவில் தனித் தீமூட்டி கிடையாது. வெடிக்கும் கலவை பித்தளைக் கூட்டின் மடிந்த விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை அறை வாயோடு சேர்த்து நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். அதற்குச் சுத்தி வலுவாக விழ வேண்டும். பட்டறைக்காரர் சுத்தியின் சுருள்வில்லில் இரண்டு சுற்றை வெட்டியிருந்தார். நெம்புகோலைத் தள்ளும்போது நாம் உண்மையில் அமுக்குவது அந்த வில்லைத்தான் என்பதால், வெட்டியவுடன் கைக்கு இலேசாகிவிட்டது; கூடவே அடியும் இலேசாகிவிட்டது.

தயாரிப்பாளரிடமிருந்து சில டாலருக்குப் புது வில் வரவழைத்துப் போட்டேன். எல்லாத் தோட்டாவும் வெடித்தன. இப்போது குறுக்கிய வீச்சின் உண்மை முகம் தெரிந்தது. தள்ளுவதற்கு முன்னைவிடக் கடுமையாகிவிட்டது. பழைய மணல் தடையும் அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனத்தோடு.

கோபம் தணிந்தபின் யோசித்தால் இதில் பட்டறைக்காரரை முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. .22 தோட்டா முழு நீளத்தில் ஏறத்தாழ ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். அதைக் குழாயிலிருந்து வாங்கித் தூக்கி அறைக்குள் தள்ள, போல்ட் அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பின்னே போயாக வேண்டும். அந்தத் தூரத்தில் எவராலும் கை வைக்க முடியாது. குறைக்க முடிவது அந்தத் தூரத்தைக் கடக்க நெம்புகோல் திரும்பும் கோணத்தை மட்டும்தான். அமுக்க வேண்டிய வில் அதே வில். செய்ய வேண்டிய வேலை அதே வேலை. கோணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கையின் முயற்சி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஜப்பானில் மிரோகு தொழிற்சாலையில் செய்யப்படும் பிரௌனிங் பி.எல்.-22 என்ற .22 துப்பாக்கியில் நெம்புகோல் 33 டிகிரி மட்டுமே திரும்புகிறது. விசையும் நெம்புகோலோடு சேர்ந்தே நகர்வதால் விரல் நசுங்குவதில்லை. ஆனால் அது முதல் வரைபடத்திலிருந்தே அப்படிப் பிறந்தது. வேறு மனத்தோடு பிறந்த ஒன்றைப் பின்னால் அப்படி ஆக்க முயன்றது என் பிழை. கேட்டது நான், செய்தது அவர். சொல்லாமல் வில்லை வெட்டியதை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பழைய பாகங்களை மறுபடி பூட்டினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டின் கீழ்த்தளத்தில் தொலைக்காட்சி பார்த்தபடி, வெற்றுத் துப்பாக்கியை மடியில் வைத்து நெம்புகோலை ஐந்நூறு முறைக்கு மேல் இயக்கினேன். இயக்க இயக்கத் தேய்ந்து வழவழப்பாகும் என்று பலரும் சொல்வார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது ஒரு நாள் தற்செயலாகப் புரிந்தது: நான் இயக்கிய அத்தனை முறையும் சுத்தி ஏற்கெனவே நிமிர்ந்தே இருந்தது. அந்நிலையில் நெம்புகோல் வெண்ணெயாக ஓடியது. தடை என்பதே இல்லை. சுத்தியைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கி வைத்துவிட்டுத் தள்ளியபோது மணல் திரும்பி வந்தது. அறையில் ஒரு வெற்றுக்கூட்டை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன், ஏனென்றால் விளிம்பில் அடிக்கும் துப்பாக்கிகள் பலவற்றில் அறை காலியாக இருக்கும்போது சுத்தியை விழவிட்டால் ஊசி அறை வாயிலேயே குத்திக் காயப்படுத்தும். ஆக, தடை நெம்புகோலிலும் இல்லை, தூக்கித் தட்டிலும் இல்லை. பின்னே போகும் போல்ட்டின் அடிவயிறு, இறங்கி நிற்கும் சுத்தியின் நெற்றியில் ஏறி அதை நிமிர்த்தும் ஓரிடத்தில் இருந்தது. ஏழு வாரமும் அவ்வளவு பணமும் கண்டுபிடிக்காததை ஒரு கட்டைவிரல் கண்டுபிடித்தது.

என் அப்பா கோயம்புத்தூர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் பம்பு உறுப்புகளைக் கடைந்து முடித்ததும் அவர் முதலில் செய்வது விளிம்பில் விரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதுதான். போல்ட்டைக் கழற்றி அதன் அடியில் நானும் விரலை ஓட்டினேன். குறுக்குவாட்டில் வரிவரியாக வெட்டுக்கருவியின் தடங்கள். சுத்தி ஏறும் விளிம்பில் நகத்தில் மாட்டும் அளவுக்கு ஒரு பிசிறு. கறுப்பு மைப்பேனாவால் அந்த முகத்தை முழுதும் பூசி, பூட்டி, பத்து முறை இயக்கிக் கழற்றினேன். மை அழிந்திருந்த இடம் ஒரு சுண்டுவிரல் நக அகலம்கூட இல்லை. வேலை செய்ய வேண்டியது அந்த இடத்தில் மட்டும்தான்.

நுண்ணிய எண்ணெய்க்கல்லால் பிசிறை எடுத்தேன். பிறகு தட்டையான எஃகுப் பட்டையில் 400, 600, 1000 எண் உப்புத்தாளைச் சுற்றி, போல்ட் ஓடும் திசையிலேயே இழுத்தேன். வரிகளின் முகடு மட்டும் போனால் போதும்; பள்ளம் தெரிந்தால் தெரியட்டும், அதில் எண்ணெய் தங்கும். கண்ணாடிபோல ஆக்கும் ஆசையில் தேய்த்துக்கொண்டே போனால் வெப்பமூட்டிக் கடினமாக்கிய மேல்தோல் போய்விடும். அடியில் இருக்கும் மெத்தென்ற இரும்பு சீக்கிரமே மறுபடி கரடாகும். சுத்தியின் நெற்றியையும் அதேபோலச் செய்தேன். சுத்தியும் விசையும் கொக்கியிட்டு நிற்கும் பள்ளத்தின் பக்கம் கல்லைக் கொண்டுபோகவே இல்லை. அங்கே ஒரு மயிரிழை கோணம் மாறினாலும் துப்பாக்கி தானாக வெடிக்கக்கூடும். அது கீழ்த்தள மேசையில் செய்யும் வேலை அன்று. மொத்தம் இரண்டு மாலைப் பொழுதுகள். பட்டாணி அளவுக் கிரீஸ்.

மறுநாள் காலையில் சுத்தியை இறக்கி வைத்துத் தள்ளியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வில்லின் எடை இருக்கிறது, ஆனால் அது தொடக்கத்திலிருந்து ஒரே சீராக ஏறி, ஒரே சீராக இறங்குகிறது. பாதி வழியில் கை ஏமாறுவதில்லை. அடுத்த போட்டியில் நாற்பது தோட்டா. ஒரு முறைகூட நான் அரைகுறையாகத் தள்ளவில்லை. எழுபது வயதுக்காரர் சொல்ல ஒன்றுமில்லாமல் வானிலை பற்றிப் பேசினார். வீச்சு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை, ஆனால் அது குறைந்துவிட்டதாகவே கை சொல்லியது.

குறுக்கும் ஆசை முற்றிலும் வீண் என்றும் சொல்ல மாட்டேன். என் துப்பாக்கியின் வளையம் பெரியது. குளிரில் கையுறையோடு நுழைக்க வசதி என்று போட்டிருக்கிறார்கள். வெறுங்கையில் அந்த வளையத்துக்குள் விரல்கள் முன்னும் பின்னும் ஓடிய பிறகுதான் நெம்புகோல் அசையவே தொடங்கும். பழைய இடைவாரிலிருந்து வெட்டிய தோல் பட்டையை வளையத்தின் உட்புறம் சுற்றித் தைத்தேன். அந்த வீண் ஓட்டம் போய்விட்டது. நான் பணம் கொடுத்துக் கேட்ட குறுக்கம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். கறுத்து வியர்வையேறிய அந்தத் தோல்தான் இன்று இந்தத் துப்பாக்கியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் எரிச்சல் மிச்சமிருக்கிறது. .22 தோட்டா அழுக்கானது. குண்டின் மேல் பூசிய மெழுகும், எரியாத மருந்தும், ஈயத் துகளும் சேர்ந்து முந்நூறு தோட்டாவுக்குள் உள்ளே கரிய பசையாகிவிடும். அப்போது அந்தப் பழைய இடத்தில் பழைய முனகல் இலேசாகத் திரும்பி வருகிறது. கழற்றித் துடைத்தால் போய்விடும். மார்லின் 39ஏ போன்ற வேறு .22 நெம்புகோல் துப்பாக்கிகளில் பக்கவாட்டில் ஒரு திருகை நாணயத்தால் சுழற்றினால் துப்பாக்கி இரண்டாகப் பிரிந்துவிடும். என்னுடையதைக் கழற்ற நான்கு திருகு, ஒரு பழைய துணி, கொஞ்சம் கெட்ட வார்த்தை தேவைப்படுகின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையின் நடுவில்தான், ஒரு திருகு மேசைக்கடியில் உருண்டு ஓடிய வேளையில், நண்பரின் கேள்வி வந்தது.

ஆகவே தம்பி, வாங்க வேண்டாம். என்னுடையது இன்று நான் தொட்ட எந்த .22 நெம்புகோலுக்கும் இளைத்ததில்லை என்பது உண்மை. அந்த நிலைக்கு அதைக் கொண்டுவர நான் செலவழித்த பணத்தில் நல்ல பி.எல்.-22 ஒன்று வந்திருக்கும். 1972 முதல் 2005 வரை செய்யப்பட்ட வின்செஸ்டர் 9422 பழையதாக எங்காவது நியாயமான விலையில் கிடைத்தால், என்னைக் கேட்காமலே வாங்கிவிடுங்கள்.

விலைக் குறைப்பு விடவில்லை என்றால் கடைக்குப் போய் ஒன்று மட்டும் செய்யுங்கள். காலி என்று கடைக்காரரும் நீங்களும் பார்த்து உறுதி செய்துகொண்ட பின், அவருடைய அனுமதியோடு சுத்தியைக் கட்டைவிரலால் இறக்கி வைத்து, நெம்புகோலை ஆமை வேகத்தில் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான். பாதி வழியில் மணல் தட்டுப்பட்டால் அலமாரியில் இருக்கும் அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லுங்கள். சுத்தியை நிமிர்த்தி வைத்தே இயக்கிக் காட்டுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.