பூஞ்சணத்துக்கு எது சரி: ஏர்கோனா, டிஹியூமிடிஃபயரா, உறிஞ்சும் டப்பாவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அக்டோபர், நவம்பர் மழை பிடித்தால் அலமாரித் துணி, சாமிப்படத்தின் முதுகு, மெத்தையின் அடி எல்லாம் பூஞ்சணம் பூக்கும். எதையும் வாங்குவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நனைந்தால் நீர் சுவர் வழியே வருகிறது. கூரை ஓட்டையை அடைக்காமல், பீலியை (கூரை ஓரத்து மழைநீர் வாய்க்கால்) சரிசெய்யாமல் எந்த இயந்திரம் வைத்தாலும் காசு வீண். வெளிப்பக்கம் வியர்த்தால்தான் காற்றின் ஈரம். ஏர்கோன் (குளிர்சாதனம்), டிஹியூமிடிஃபயர் (காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும் மின்கருவி), உறிஞ்சும் டப்பா: கீழே உள்ள ஒப்பீடு அதற்கே.

ஒரு கணக்கு. 10க்கு 12 அடி, 10 அடி உயர அறையில், 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், காற்றில் இருப்பது ஏறக்குறைய 800 மில்லி நீர். அதை 60 சதவீதத்துக்கு இறக்க 200 மில்லி எடுத்தால் போதும். ஆனால் துவைத்த துணியை உள்ளே காயப்போட்டால் 2 லிட்டர்கூடக் காற்றில் கலக்கும். திறந்த ஜன்னல் வழியே வருவதற்கு அளவே இல்லை.

உறிஞ்சும் டப்பா, அதாவது கால்சியம் குளோரைடு என்ற உப்பு நிரப்பிய டப்பா, வாரக்கணக்கில் சில நூறு மில்லிதான் இழுக்கும். மூடிய அலமாரி, காலணிப் பெட்டி, சான்றிதழ் வைக்கும் இழுப்பறை: இங்கெல்லாம் அருமையாக வேலை செய்யும். அறை நடுவில் வைப்பதில் பயனே இல்லை. சேர்ந்த நீர் உப்பு நீர், கொட்டினால் தோலும் இரும்பும் கெடும்.

ஏர்கோன் ஏற்கெனவே இருந்தால் படுக்கையறைக்கு அதுவே போதும். கெடுப்பது பெரும்பாலும் நாம் வைக்கும் அளவுதான். சின்ன அறைக்கு ஒன்றரை குதிரைசக்தி போட்டால் சீக்கிரம் குளிர்ந்து கம்பிரசர் நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடுவதால் சுருளில் ஒட்டிய நீர் மறுபடி காற்றுக்கே திரும்பும். அறை ஜில்லென்று இருக்கும், ஈரமும் அப்படியே இருக்கும். 22 டிகிரியில் இரவெல்லாம் ஓட்டினால் இன்னொரு தொல்லை: காலையில் ஜன்னலைத் திறந்ததும் குளிர்ந்த சுவர் வியர்க்கும். டிரை மோடில் (ஈரம் இழுக்கும் அமைப்பில்) 26 டிகிரி வைத்து, அணைத்த பிறகு அரை மணி நேரம் கழித்துத் திறப்பதே நல்லது.

துணி காயவைக்கும் அறைக்கு எங்கள் தேர்வு டிஹியூமிடிஃபயர். அட்டையில் 12 லிட்டர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் எடுத்த அளவு. அறை உலர உலர அது பாதியாகக் குறையலாம். 250 வாட் இயந்திரம் 8 மணி நேரம் ஓடினால் 2 யூனிட் மின்சாரம். வெப்பத்தையும் அறைக்குள்ளேயே விடுவதால் அங்கே படுக்க முடியாது. தொட்டி நிறைந்தால் தானே நின்றுவிடும். வடிகால் குழாய் பொருத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கதவு, ஜன்னல் மூடியே இருக்க வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இடையே திறந்து கிடக்கும் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டுக்கு இது ஒத்துவராது. அங்கே அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, விசிறியை ஓடவிடுவதுதான் வழி.

வாங்கும் ஈரப்பதமானியைச் சோதிக்க, ஒரு மூடியில் உப்பைச் சில சொட்டு நீரில் குழைத்து, அந்த மூடியையும் மானியையும் காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி பார்க்கும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.