பப்புக்குப் பெயர்: பிரையன் போருவா, ரோரி ஓ'கானரா?

ஐரிஷ் பப் திறப்பவர்கள் பலர் இந்த இரண்டு மன்னர்களுக்கு நடுவே தடுமாறுகிறார்கள்.

அறிமுகம்: பிரையனை அயர்லாந்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று குளோன்டார்ஃப் போரில் இறந்தவர். ரோரி 1175இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியுடன் வின்ட்சர் உடன்படிக்கை செய்து, 1198இல் காங் மடத்தில் இறந்தவர். வரலாறு படித்தவர்களுக்கே தெரியும்.

பலகை: 'பிரையன் போரு' சின்னப் பலகையிலும் பெரிய எழுத்தில் அடங்கும். 'ரோரி ஓ'கானர்' என்றால் கடைக்காரர் பெயர் என்றே நினைப்பார்கள். கிரீடம் வரைந்தால்தான் மன்னர் என்று புரியும்.

சின்னம்: பிரையனுக்கு யாழ் கைகொடுக்கும். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவர் பெயரில் இருக்கும் யாழ் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. ஆகவே 'மன்னர் வாசித்தது' என்று எழுதாதீர்கள். பீர் நிறுவனமான கின்னஸ் 1876இலேயே யாழைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டது. அதில் யாழின் நேர்விளிம்பு இடப்பக்கம்; அயர்லாந்து அரசுச் சின்னத்தில் வலப்பக்கம். இரண்டையும் நகலெடுக்காமல் தனியாக வரையச் சொல்லுங்கள்.

போட்டி: பிரையன் பெயரில் ஏற்கெனவே பப்கள் உண்டு. ஊர்ப் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள்.

சுற்றுலாப் பயணிகளை நம்பும் நகரக் கடைக்குப் பிரையன். மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் பகுதியில், கால்வே, ரோஸ்காமன் பக்கம் என்றால் கொனாக்ட் மன்னர் ரோரிதான் சரி. அது அவர் மண்.