யூடியூபில் 'சித்தி': ராதிகாவுக்காகவே பார்க்கலாம்

1999-இல் சன் டிவியில் தொடங்கிய 'சித்தி' சீரியல் இப்போது யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய சதுரப் படம், இரண்டு ஓரமும் கறுப்புப் பட்டை. பெரிய டிவியில் முகங்கள் கொஞ்சம் மங்கும். போனில் நன்றாகவே இருக்கிறது. நித்யஸ்ரீ பாடிய டைட்டில் பாட்டை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' பாஞ்சாலியாக வந்தவர் ராதிகா. எம்.ஆர். ராதாவின் மகள். சினிமாவில் பேர் வாங்கிய பிறகு சின்னத்திரைக்கு வந்து, ராடான் என்று சொந்தக் கம்பெனி நடத்தி, அது தயாரித்த 'சித்தி'யில் தானே நாயகி சாரதாவாக நடித்தார். எவ்வளவு பெரிய துணிச்சல்! சிவகுமாரோடு வரும் காட்சிகளில் அலட்டலே இல்லை. இழுவை உண்டு, சரி, மெகா சீரியல்தானே. அம்மாவுக்குப் போட்டுக் கொடுங்கள், அப்புறம் போன் திரும்பக் கிடைக்காது.